கொக்குமேட்டு ஆள்

"கொக்குமேடு."

எந்த ஊர் என்று கண்டக்டர் கேட்டதற்கு அந்த ஆள் சொன்ன பதில் அவ்வளவுதான். அருப்புக்கோட்டையிலிருந்து திருச்சுழி போகிற பஸ்ஸுக்குள் பேச்சு சட்டென்று நின்றுவிட்டது.

யுத்த காலம். பெட்ரோல் கிடைக்காமல் பஸ்ஸெல்லாம் அடுப்புக்கரியில் ஓடிக்கொண்டிருந்தன. பஸ் முக்கி முனகி நகர்ந்ததும், செல்வதுரை வாத்தியார் எதிர் சீட்டு சவுந்தரத்தின் பக்கம் குனிந்தார்.

"சாமானைப் பத்திரமா வச்சுக்கிடுங்க தாயி. கொக்குமேட்டுல பிள்ளைக தவழும்போதே பக்கத்து வீட்டுச் சொம்பை உருட்டிக்கிட்டு வந்துருமாம்."

"அய்யா பாத்திருக்கீகளா?"

"நான் எங்க பாத்தேன்? எல்லாரும் சொல்றாக."

சவுந்தரம் தன் பித்தளைக் குடத்தைக் கால்களுக்கு நடுவே இடுக்கிக்கொண்டாள். அதற்குள் சுக்கு, கருப்பட்டி, துவைத்து மடித்த பழைய வேட்டித் துணி. திருச்சுழியில் மகளுக்கு ரெண்டாவது பிரசவம். விடியக்காலையிலேயே வலி கண்டுவிட்டது என்று ஆள் வந்து சொல்லியிருந்தான்.

பின்னாலிருந்த ஜவுளி வியாபாரி அப்துல் பாரி துணி மூட்டையைத் தூக்கி மடியில் வைத்துக்கொண்டார். மூட்டைக்கு மேலே அவருடைய தொப்பி மட்டும் தெரிந்தது.

கொக்குமேட்டுக்காரர் பெயர் வீரபத்திரன். காதில் விழுந்ததோ என்னவோ, வெளியே பருத்திக் காட்டையே பார்த்துக்கொண்டு வந்தார்.

பாதி வழியில் பஸ் பெருமூச்சு விட்டு நின்றது. முன்பக்கம் ஆவி பறந்தது. டிரைவர் இறங்கிப் பார்த்துவிட்டு வந்தார்.

"தண்ணி வத்திப்போச்சு. ஒரு குடம் ஊத்துனாத்தான் நகரும்."

"பஸ்ஸு வாளி என்னாச்சு?" என்றார் வாத்தியார்.

"அது அடி கழண்டு நாலு நாளாச்சு."

சவுந்தரத்துக்கு அழுகை வந்துவிட்டது. "ஏசுவே, எம்புள்ள அங்க தனியாக் கெடந்து துடிக்குமே."

வீரபத்திரன் எழுந்தார். "அழுகாதீக தாயி. அந்தப் பனை வரிசைக்கு அங்கிட்டு ஊரு தெரியுது. நான் போயி மோந்துட்டு வாரேன். யாராச்சும் ஒரு ஏனம் குடுங்க."



வாத்தியார் தன் கூஜாவை முதுகுக்குப் பின்னால் தள்ளினார். "இது ரொம்பச் சின்னது."

சவுந்தரம் குடத்தின் மேல் முந்தானையைப் போட்டு மூடினாள். "இதுல பிரசவச் சாமான் இருக்கு."

வீரபத்திரன் கூஜாவையும் குடத்தையும் பார்த்தார். பிறகு லேசாகச் சிரித்துக்கொண்டு, வெறுங்கையோடு வெயிலில் இறங்கி நடந்தார்.

"கையை வீசிட்டுப் போறாரே, தண்ணியை எதுல கொண்டாருவாரு?" என்றார் அப்துல் பாரி.

"எங்கயும் கொண்டாரப் போறதில்ல பாய்," என்றார் வாத்தியார். "ஏனத்தைக் குடுத்திருந்தா அதோட போயிருப்பான். நாம தப்பிச்சோம்."

அரைமணி நேரம் ஆயிற்று. சவுந்தரம் பஸ்ஸுக்கும் பனை வரிசைக்குமாக நடந்து நடந்து ஓய்ந்துபோனாள்.

ஒருவழியாக வீரபத்திரன் வந்தார். தோளில் பெரிய பித்தளைக் குடம். தளும்பித் தளும்பிச் சட்டை பூராவும் நனைந்திருந்தது.

"பாத்தீகளா?" வாத்தியார் குரலைத் தாழ்த்தினார். "போன எடத்துல குடத்தைத் தூக்கிட்டான். நான் சொல்லல?"

டிரைவர் தண்ணீரை ஊற்றினார். கண்டக்டர் கரி அடுப்பைக் கிளறிவிட்டு, காற்றுச் சக்கரத்தைச் சுற்றினார். நாலு உறுமலுக்குப் பிறகு எஞ்சின் பிடித்துக்கொண்டது. எல்லோரும் அவசரம் அவசரமாக ஏறினார்கள்.

வீரபத்திரன் மட்டும் ஏறவில்லை. "குடத்தைக் குடுத்துட்டு ஓடியாந்துர்றேன். செத்த நேரம் நில்லுங்க."

"மறுபடியும் அம்புட்டுத் தூரமா?" கண்டக்டர் அலுத்துக்கொண்டார். "அதெல்லாம் முடியாது. ஏறுமய்யா."

"வேலியோரமா வச்சுட்டு வாங்கண்ணே," என்று சவுந்தரம் கெஞ்சினாள். "அவுக வந்து எடுத்துக்கிட மாட்டாகளா? எம்மக அங்க வலியில கெடக்கா."

"எதுக்கு வேலியில வைக்கணும்? வார போறவன் எடுத்துட்டுப் போகவா?" என்றார் வாத்தியார். "பஸ்ஸுலயே போடும். என்னைக்காச்சும் இந்தப் பக்கம் வரயில குடுத்துக்கிடலாம். ஒரு குடந்தானே, யாரு வந்து கேக்கப் போறா?"

வீரபத்திரன் குடத்தை இன்னும் இறுக்கிப் பிடித்துக்கொண்டார்.

"அப்படிச் செய்ய முடியாதுங்கய்யா. இது முத்துப்பேச்சின்னு ஒரு அம்மாவோட குடம். கெணத்தடியில நின்னாக. பஸ்ஸுக்குத் தண்ணி வேணும்னதுமே குடத்தை இடுப்புல வச்சுக்கிட்டுத் தர மாட்டேன்னுட்டாக."

"அது சரி," என்று தலையாட்டினார் வாத்தியார். "எந்த ஊருன்னு கேட்டிருப்பாக."

"கேட்டாக. கொக்குமேடுன்னேன். 'ஒங்களை நம்புறேன்யா, அந்தப் பஸ்ஸுல இருக்கிறவுகளைத்தான் நம்ப மாட்டேன். போன மாசம் இப்படித்தான் தண்ணிக்குன்னு வாங்குன வாளியை ஏத்திக்கிட்டே போயிட்டாக, டவுனு ஆளுக பூராம் களவாணிக'ன்னாக. அவுக அப்படியெல்லாம் செய்யமாட்டாகன்னு சொல்லி, ஒங்களுக்கெல்லாம் ஜாமீனா என் காதுக் கடுக்கனைக் கழட்டிக் குடுத்துட்டு வந்திருக்கேன்."