கை சொன்ன பதில்

லோரீனுக்கு, எலும்பையும் தசையையும் கையாலேயே சரிசெய்யும் ஆஸ்டியோபதி மருத்துவ மேற்பயிற்சியின் கடைசித் தேர்வு. மிசூரியின் அந்தச் சின்ன மருத்துவமனையில், மேசைமேல் ஒருவர் குப்புறப் படுத்திருந்தார்.

“ரெண்டு பேரும் ஒருத்தரோட ஒருத்தர் பேசக் கூடாது. என்ன கோளாறுன்னு தொட்டுப் பார்த்தே சொல்லணும்,” என்றார் தேர்வாளர் டாக்டர் திருமதி ஹாஸ்கல். “இந்தத் தடவையும் கோட்டை விட்டா இன்னும் ஒரு வருஷம், ஞாபகம் இருக்கட்டும்.”

லோரீன் கண்ணை மூடி முதுகில் கை வைத்தாள். இடுப்புக்கு வந்ததும் விரல்கள் நின்றன.

“இடுப்பு இப்போ சமமா இருக்கு, டாக்டர். ஆனா வலது பக்கம் அடிக்கடி மேல ஏறிக்கும். யாரோ தினமும் சரிபண்ணி விடறாங்க.”

டாக்டர் வாய்விட்டுச் சிரித்தார். “நான்தாம்மா அது! நோயாளி வரலைன்னு என் வீட்டுக்காரரையே படுக்க வெச்சேன். காலையில சரிபண்ணின இடுப்பு. நானே கண்டுபிடிச்சிருக்க மாட்டேன். பாஸ்!”

பேனாவை எடுத்தார்.

“கையெழுத்துப் போடாதீங்க, டாக்டர். வேற ஆளைக் கொடுங்க.”

“ஏன்?”

“நான் கண்டுபிடிக்கல. காலேஜ்ல ரெண்டு வருஷம் இவர்தான் எனக்குப் பயிற்சி ஜோடி. அப்போ தினமும் சரிபண்ணினது நான்.”

படுத்திருந்தவர் முகத்தைத் திருப்பாமலே சொன்னார்: “கை இன்னும் ஜில்லுன்னுதான் இருக்கு, லோரீன்.”