புடவை கட்டிய ரோகு

"இந்த மீன் மேல யாரும் கை வைக்கக் கூடாது. நானேதான் வெட்டுவேன்."

செவுளை விரலால் தூக்கிப் பார்த்துவிட்டு நிமிர்ந்த நிருபமா இப்படிச் சொன்னதும் கல்யாண வீடே திகைத்தது. மணப்பெண் தோர்ஷாவுக்கு அவள் அத்தை.

வங்காள வழக்கப்படி, மஞ்சள் பூசும் சடங்குக்காக மாப்பிள்ளை வீட்டார் அனுப்பிய ரோகு மீன் அது. பட்டுப் புடவையும் மூக்குத்தியும் குங்குமமுமாகத் தாம்பாளத்தில் மணப்பெண் மாதிரி படுத்திருந்தது. பன்னீர் வாசனை வேறு.

மாப்பிள்ளையின் தங்கை ஜும்பா அதைத் தங்கள் ஊரான பெல்டாங்காவிலிருந்து ரயிலில் கொண்டுவந்திருந்தாள். தண்டவாளத்தில் மரம் விழுந்து, சித்திரை வெயிலில் மூன்று மணி நேரம் தாமதம்.

"ஆறு கிலோ தேறும். தையல்காரி வீட்டுக்கு இது பெரிய விஷயம்தான்!" என்றாள் பெண்ணின் சித்தி கேயா.

மாப்பிள்ளையின் அம்மா துணி தைத்துப் பிள்ளைகளை வளர்த்தவள். சின்னக் குறை கிடைத்தாலும் போதும், கேயா அதை ஆயுசுக்கும் சொல்லிக் காட்டுவாள்.

"அத்தைதான் வெட்டணும்னு எந்த ஊர்ச் சட்டம்?" என்று கேட்டாள்.

"இன்னையிலேர்ந்து இந்த ஊர்ச் சட்டம்."

தாம்பாளத்தோடு கொல்லைப்புறம் போன நிருபமா கதவைத் தாழ் போட்டுக்கொண்டாள். ரிக்‌ஷாக்கார ஹோரியை மட்டும் பின்வாசல் வழியாகக் கூப்பிட்டாள்.

ஒரு மணி நேரம் கழித்துத்தான் கதவு திறந்தது. மஞ்சள் தடவிய துண்டுகளைப் பார்த்ததும் கேயா கத்தினாள்.

"ஆறு கிலோ மீன் இவ்வளவுதானா? நாலு கிலோகூட இருக்காது! ஹோரி ஒரு மூட்டையோட போனதை நான் பார்த்தேன்."

"ஆமா. நான்தான் அனுப்பினேன்."

"எங்கே?"

"எங்க வீட்டுக்கு."

"கேட்டீங்களா எல்லாரும்? சடங்கு மீன்லயே கை வைக்கிறா!"

முகம் முழுக்க மஞ்சளோடு தோர்ஷா அழுதாள். "அத்தை, என் கல்யாணத்துலயா இப்படி?"

நிருபமா மீன் துண்டுகளை அடுப்படிக்கு எடுத்துப் போனாள்.

மீன் பொரித்து, முதலில் ஜும்பாவுக்குப் பரிமாறினார்கள். ஒரு வாய் சாப்பிட்டவள் சட்டென்று நிறுத்தினாள். எழுந்து, அடிபம்பு அருகே நின்ற நிருபமாவிடம் போனாள்.

"அத்தை, இது எங்க குளத்து மீன் இல்ல. அந்த ருசி எனக்குத் தெரியாதா? எங்க மீன் வழியிலேயே கெட்டுப்போச்சா?"

"மெதுவாப் பேசும்மா. கெட்டதை மூட்டை கட்டி ஹோரிகிட்ட அனுப்பிட்டேன், சந்தையில அவனுக்கு இதுதான் கிடைச்சுது. உங்கம்மாகிட்ட மூச்சு விடாதே. போய்ச் சாப்பிடு."

"இதுக்காக நீங்க திருடின்னு பேரு வாங்கணுமா?"

"என்னை நாலு நாள் திட்டிட்டு விட்டுடுவாங்க. எங்க பொண்ணு வாழப் போற வீட்டை யாரும் ஒரு சொல் சொல்லக் கூடாது. அவ்வளவுதான்."

அதற்குள் கேயா வந்துவிட்டாள்.

"இங்கே என்ன ரகசியம்? உங்க மீன்ல ரெண்டு கிலோ எங்கே போச்சுன்னு கேட்டியா?"

ஜும்பா கையைக் கழுவினாள். நிருபமா கண்ணாலேயே வேண்டாம் என்றாள். ஜும்பா அதைப் பார்க்காதவள் போல முற்றத்தின் நடுவில் போய் நின்று, எல்லோருக்கும் கேட்கும்படி சொன்னாள்:

"எங்கேயும் போகல சித்தி. எங்க மீனே நாலு கிலோதான். பெருசாத் தெரியட்டும்னு புடவைக்குள்ள வாழைத்தண்டை வெச்சுக் கட்டினோம். மூட்டையில போனது அதுதான்."