சிரித்தால் எடுக்கும் கேமரா

"இந்த போட்டோகிராபரை எங்கேம்மா பிடிச்சே?" என்று மேனேஜர் என்னைத்தான் முறைத்தார்.

முறைக்காமல் என்ன செய்வார்? அடையாள அட்டைக்கு அறுபது பேரைப் படமெடுத்து, பதினொரு மணிக்குள் முடிப்பதாகப் பேச்சு. மணி ஒன்று!

முதல் நாற்பது பேர் மளமளவென்று முடிந்தார்கள். ஆட்டோமேட்டிக் கேமரா. எதிரே உட்கார்ந்து சிரித்தால் அதுவே க்ளிக் செய்துகொள்ளும். போட்டோகிராபர் கையைக் கட்டிக்கொண்டு நின்றார்.

அடுத்தது ரிசப்ஷன் அக்கா. பக்கவாதம் வந்து, ஆறு மாச லீவுக்குப் பிறகு இன்றுதான் வந்திருக்கிறாள். வாய் இன்னும் ஒரு பக்கம் இழுத்துக்கொண்டிருந்தது.

"பழைய போட்டோவையே ஒட்டிடேன். முன்னாடி உட்கார இந்த மூஞ்சி லாயக்கில்லை. உள்ளே ஃபைல் வேலைக்குப் போயிடறேன்."

"சும்மா உட்காருங்கக்கா!"

சிரித்தாள். க்ளிக் இல்லை. மறுபடி சிரித்தாள். ஊஹூம்.

பட்ட காலிலே படும் என்று சும்மாவா சொன்னார்கள்? பாவமாக இருந்தது.

"சே, மக்கர் பண்ணுது சனியன்! நேத்தே சர்வீசுக்குக் குடுத்திருக்கணும்," என்று கேமராவைத் தட்டினார் போட்டோகிராபர்.

பையிலிருந்து இன்னொன்றை எடுத்தார். எல்லாமே கையால் வைக்க வேண்டிய மேனுவல். வெளிச்சம் பார்த்தார், நாற்காலியை நகர்த்தினார், லென்ஸைத் திருகினார்.

"வீட்டுல யாரும்மா ரொம்பச் சேட்டை?"

"எங்க வீட்டுக்காரர்தான்!" சொல்லும்போதே அவளுக்குச் சிரிப்பு பொத்துக்கொண்டு வந்தது. க்ளிக்.

திரையில் பார்த்தாள். கண்ணெல்லாம் சிரிப்பு. "அட, நல்லாத்தான் இருக்கேன்!" என்றவள், நேராகப் போய் எதிரே இருந்த ரிசப்ஷன் மேஜையில் உட்கார்ந்துவிட்டாள்.

அதோடு விட்டாரா மனுஷன்? மீதி பத்தொன்பது பேருக்கும் அதே மேனுவல், அதே ஆமை வேகம். மேனேஜரிடம் வாங்கிக் கட்டிக்கொண்டது நான்.

போட்டோகிராபர் கை கழுவப் போனதும், எரிச்சலில் அந்த மக்கர் கேமராவின் முன்னால் உட்கார்ந்து பல்லைக் காட்டினேன்.

க்ளிக்!

திரும்பி வந்தவரைப் பிடித்துக்கொண்டேன். "நல்லாத்தானே வேலை செய்யுது! மீதிப் பேரையாவது இதுல எடுத்திருக்கலாம்ல?"

ரிசப்ஷன் பக்கம் பார்த்துவிட்டுக் குரலைத் தாழ்த்தினார்.

"எடுத்திருந்தா, கோளாறு கேமராவுலதான்னு அந்தம்மா நம்பியிருப்பாங்களா? அவங்க சிரிச்சதை இது சிரிப்புன்னே ஒத்துக்கலை, மேடம்."