அசையாச் சொத்து

"'காலியா ஒப்படைக்கணும்'னு போட்டா போதாது வக்கீல் சார். எது எது காலியாகணும்னு விளக்கமா எழுதுங்க" என்றார் அகராதி.

வீட்டை வாங்குபவர் அவர்தான். எதற்கெடுத்தாலும் விளக்கம் கேட்பதால் ஊர் பிரியத்தோடு வைத்த பெயர் அது. எதிர் நாற்காலியில் வீட்டுக்காரம்மா கண்ணைத் துடைத்துக்கொண்டிருந்தார்.

மகளையும் மருமகனையும் பக்கத்திலேயே குடிவைக்க அகராதிக்கு அந்த வீடு வேண்டும். அதற்காகச் சுற்றியிருந்த மனைகளை வளைத்துப் போட்டு, அந்தம்மா வந்துபோகும் வழியையும் அடைத்துவிட்டு, "விக்கறதும் விக்காததும் உங்க இஷ்டம்மா" என்று பெருந்தன்மையோடு சொன்னவர் அவர்.

"தங்கச்சி வீட்டுக்குப் பின்னால இடம் சும்மா கிடக்கு சார். ஆனா தலைக்கு மேல கூரை வேணுமே? இருக்கற வீட்டை விட்டுட்டு எங்க போவேன்?"

"அது ஒப்பந்தத்துல வராதும்மா."

வக்கீல் வாசித்தார். "சொத்து என்பது மனையும் அதிலுள்ள வீடும்..."

"வீடுன்னு மொட்டையா போட்டா, உள்ள இருக்கற பழைய இரும்பையெல்லாம் என் தலையில கட்டிடுவாங்க. அதை அடிச்சுடுங்க. 'சொத்து என்பது நிலமும், நிலத்தை விட்டுக் கழற்ற முடியாதவையும் மட்டுமே. ஸ்பேனர் போட்டுக் கழற்றக்கூடிய எதுவும் சொத்தில் சேராது. விற்பவர் அவற்றைப் பத்து நாளில் அகற்ற வேண்டும்.' இப்படிப் போடுங்க."

"இவ்வளவு தூரம் போகணுமா சார்? ஒரு தடவை உள்ள போய்ப் பார்த்துட்டு..."

"கார்ல போறப்ப தினம் பார்க்கறேன். நீங்க ஃபீஸுக்கு எழுதறீங்க, நான் அனுபவத்துல எழுதறேன்."

வக்கீல் வாயை மூடிக்கொண்டார். அதற்கும் சேர்த்துத்தான் ஃபீஸ்.

"அந்த இரும்பெல்லாம் எங்க வீட்டுக்காரரோடது சார்" என்றார் அந்தம்மா. "கப்பல் பட்டறையில ஃபிட்டரா இருந்தார். இந்த வீட்டைக்கூட லீவு நாள்ல அவரே தனி ஆளா மாட்டினார்."

"'கட்டினார்'னு சொல்லுங்கம்மா. வார்த்தை முக்கியம்."

"நான் படிக்காதவ சார்." அந்தம்மா வக்கீல் பக்கம் திரும்பினார். "கடைசியா சொன்னதை இன்னொரு தடவை படிங்களேன்."

வக்கீல் படித்தார். அந்தம்மா கண்ணை மூடிக் கேட்டார்.

"அப்ப ஸ்பேனர் போட்டு கழட்ட முடிஞ்சதெல்லாம் என்னோடதுங்களா?"

"ஒரு நட்டு, ஒரு போல்ட்டு அங்க இருக்கக் கூடாது. இருந்துச்சு, கேஸ் போட்டுடுவேன்."

அந்தம்மா பயந்தவராகக் கையெழுத்துப் போட்டார்.

பதினோராம் நாள் காலை. ஒப்பந்தப்படி முந்தின நாளே வந்து சேர்ந்த சாவியோடு, மகள் மருமகன் சகிதம் காரில் வந்து இறங்கினார் அகராதி.

சொத்து அப்படியே இருந்தது. சமமான தரை, நடுவில் ஒரு சிமெண்டுத் தளம், மூலையில் ஒரு கிணறு. தளத்தைப் பெருக்கிக் கழுவிக்கூட விட்டிருந்தார்கள்.

"வீடு எங்க மாமா?" என்று மருமகன் மரியாதையாகத்தான் கேட்டான்.

விளக்கம் கேட்க அகராதி உடனே அந்தம்மாவுக்குப் போன் போட்டார். மறுமுனையில் நாலைந்து பேர் ஸ்பேனரால் போல்ட்டு முடுக்கும் சத்தம் கேட்டது.

"நல்லவேளை கூப்பிட்டீங்க சார், இப்பத்தான் தங்கச்சி இடத்துல கதவை மாட்டி முடிச்சோம், அந்தச் சாவியைக் கொஞ்சம் அனுப்பி வைக்கறீங்களா?"