மேஸ்திரி வாயில் அரிசி

இப்படிக் கிட்ட வந்து உட்காருங்க. எறும்புக் கூட்டத்திலேயே அதிகம் சுமக்கிறவள் செவலை. அதனால் அன்றைக்குத்தான் அவளை மேஸ்திரி ஆக்கியிருந்தார்கள். மழை தூறத் தொடங்கிவிட்டது. சிந்திக் கிடந்த அரிசி நனையுமுன்னே புற்றுக்குப் போய்ச் சேரணும்.

“தள்ளுங்கடி, உங்களுக்கு வராது” என்று ஒவ்வொருத்தியிடமும் பிடுங்கித் தானே சுமந்தாள் செவலை. மற்றவர்கள் கைகட்டி நின்றார்கள்.

கல்மேல் ஏறியபோதுதான் பார்த்தாள், பாதையை அறுத்துக்கொண்டு தண்ணீர் வருகிறது. மேட்டு வழியாகப் போகச் சொல்ல வேண்டும். வாயிலோ அரிசி. கீழே போடவும் மனசில்லை.

“எதைப் பார்த்து இப்படி முழிக்கிற அக்கா? வாயைத் திறந்து சொல்லு. சுமக்கத்தான் நாங்க இத்தனை பேர் இருக்கோமே” என்ற, கூட்டத்திலேயே சின்ன எறும்பான பொடிச்சி, அவள் வாயிலிருந்த அரிசியை மெதுவாக வாங்கித் தன் வாயில் கவ்விக்கொண்டாள்.