ஐந்தாவது அளவு

"மூச்சை இழுத்துப் பிடி. வயிறாடா இது, காலி பண்ணின வாடகை வீடு மாதிரி இருக்கு."

மாலை நேர ஸ்கேன் வகுப்பில் நாங்கள் எல்லோருமே மருத்துவர்கள். பழகுவதற்காக ஒருவர் படுக்க, இன்னொருவர் பார்ப்போம். இன்று என் வயிற்றின் மேல் கருவியை நகர்த்துபவன் ரேடியோ. வாய் ஓயாததால் அந்தப் பெயர்.

திரை அவன் பக்கம் திரும்பியிருந்தது. எனக்குத் தெரிந்தது கூரையும் அவன் மோவாயும்தான்.

ஆனால் காது கேட்கிறது. ஓர் உறுப்பை அளக்க இரண்டு முனையிலும் புள்ளி வைக்க வேண்டும். புள்ளிக்கு ஒரு 'டிக்'. அளந்ததும் படம் பதிவாகிவிடும்.

பயிற்சித் தாளில் நான்கே அளவுகள். கல்லீரல், மண்ணீரல், இரண்டு சிறுநீரகங்கள். மொத்தம் எட்டு டிக். எண்ணுவது என் வழக்கம். எண்ணியதை நம்பாமல் இருப்பதும்.

எட்டு முடிந்தது.

கருவி மறுபடி வலது விலாவுக்குக் கீழே வந்தது. நகர்ந்தது. அதே இடத்துக்குத் திரும்பியது.

"இன்னொரு தடவை பிடி."

பிடித்தேன். ரேடியோ அதற்கு மேல் பேசவில்லை.

டிக்.

நான் தப்பாக எண்ணியிருக்கலாம். அவன் விரல் தெரியாமல் பட்டிருக்கலாம்.

டிக்.

மூச்சை விடச் சொல்ல மறந்துவிட்டான். நானும் விடவில்லை. உடம்பைப் பற்றிப் பத்து வருடம் படித்திருக்கிறேன். என் உடம்புக்குள் இருப்பது இந்த நொடியில் அவன் ஒருவனுக்குத்தான் தெரியும்.

"எல்லாம் நார்மல்டா. எந்திரி, என் முறை."

தாளில் நான்கு எண்களை எழுதினான். என்னைப் பார்க்காமலே சட்டையைக் கழற்றினான். நானும் நோயாளிகளிடம் இப்படித்தான், கோப்பைப் பார்த்துக்கொண்டே சொல்வேன்.

அவன் படுத்தான். அடுத்தவரைத் தொடங்கும் முன் முந்தையவர் படங்களை அழிப்பது வகுப்பு விதி. திரை கேட்டது: ஐந்து படங்கள். பார்க்கவா, அழிக்கவா?

விலாவுக்குக் கீழே வலி தொடங்கி நான்கு மாதம். யாரிடமும் சொல்லவில்லை. இந்த வகுப்பில் சேர்ந்ததும், இன்று முதல் ஆளாகச் சட்டையைக் கழற்றியதும் அதனால்தான்.

"இத்தனை நாள் என்ன பண்ணிட்டு இருந்தீங்க?" என்று காலையில்கூட ஒரு நோயாளியைத் திட்டினேன்.

ரேடியோ கூரையைப் பார்த்தபடி கிடந்தான். நான் சொல்லாமலே மூச்சை இழுத்துப் பிடித்திருந்தான்.

அழித்தேன்.

"விடு," என்றேன்.