கயிற்று மணி

விமானக் குண்டுவீச்சு அபாயம் நீங்கியதென்று சங்கு நீளமாக ஊதுகிறது. பதுங்குகுழியிலிருந்து முதல் ஆளாக ஓடிவருகிறாள் நடத்துநர் நோரா. பயணிகளெல்லாம் அவரவர் வீடு என்னவாயிற்றோ என்று சிதறிப் போகிறார்கள். இங்கிலாந்தின் ஹல் துறைமுகத் தெருவில் மதிய வெயில் செங்கல் தூசியில் சிக்கி மஞ்சளாகத் தொங்குகிறது. "நீ போ, பின்னாடியே வர்றேன்" என்ற ஓட்டுநர் வில்ஃப் குழிக்கு வரவே இல்லை. பேருந்தில் ஒரு கண்ணாடிகூட மிச்சமில்லை. முன்கூண்டில், மீசைவரை மாவு பூசினாற்போல உட்கார்ந்து, அவர் குடுவையிலிருந்து தேநீர் ஊற்றிக்கொண்டிருக்கிறார். "யோவ் கிழவா! மூளை இருக்கா உனக்கு? பக்கத்துக் கிடங்கு எரியுது, வண்டிய எடுத்துக்கிட்டாவது ஓடியிருக்கலாம்ல?" "நீ ரெண்டு தடவ மணி அடிக்கலையே கண்ணு. அடிக்காம என்னிக்கு எடுத்திருக்கேன்?" அவள் சட்டைக் கையால் அவர் புருவத்துத் தூசியை அழுத்தித் துடைக்கிறாள். "தேத்தண்ணி கொட்டுது, விடு" என்கிறார். பின்படிக்குப் போய்க் கயிற்றை இழுக்கிறாள். ஒன்று, இரண்டு. இழுத்த கை நிற்காமல் மூன்றாவதும் விழுந்துவிடுகிறது. மூன்று என்றால் வண்டி நிறைந்துவிட்டது, எங்கும் நிற்காதே என்று அர்த்தம். இருக்கைகளில் கண்ணாடித் துண்டுகள் குலுங்க, இரண்டே பேர் இருக்கும் வண்டியை வில்ஃப் எந்த நிறுத்தத்திலும் நிற்காமல் ஓட்டுகிறார்.